எலக்ட்ரிக் லாரிக்கு எந்த சார்ஜர்? முதலில் ட்ரிப் ஷீட்டை எடுங்கள்

பத்து எலக்ட்ரிக் லாரி வாங்கப் போகிறோம், எத்தனை கிலோவாட் சார்ஜர் போடலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் லாரி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஷெட்டில் நிற்கிறது? இது தெரியாமல் சார்ஜர் வாங்கினால் பணம் வேண்டாத இடத்தில் போய் முடங்கிவிடும்.

1. ட்ரிப் ஷீட்

ஒரு மாத ட்ரிப் ஷீட்டை எடுத்து, ஒவ்வொரு வண்டிக்கும் ஓடிய கிலோமீட்டர், ஷெட்டுக்குத் திரும்பிய நேரம், மறுபடி கிளம்பிய நேரம் மூன்றையும் எழுதுங்கள். சராசரியோடு விட்டுவிடாதீர்கள். அதிகமாக ஓடிய நாளைத் தனியாகக் குறித்து வையுங்கள், வழியில் சார்ஜ் தீர்ந்து நிற்க வாய்ப்புள்ளது அந்த நாளில்தான்.

2. யூனிட் கணக்கு

மொத்த எடை 40 டன் வரும் லாரி கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.1 முதல் 1.5 யூனிட் வரை எடுக்கும். மேடு, எதிர்க்காற்று, கடுங்குளிர் இருந்தால் இன்னும் கூடும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். லாரி தினமும் 200 கிலோமீட்டர் ஓடுகிறது, கிலோமீட்டருக்கு 1.3 யூனிட் என்றால் 260 யூனிட். சார்ஜ் ஏறும்போது சூடாகி வீணாவதற்கு ஒரு 10 சதவீதம் சேர்த்தால் 286. இரவு 7 மணிக்கு வந்து காலை 5 மணிக்குக் கிளம்பும் வண்டிக்குப் பத்து மணி நேரம் கிடைக்கிறது, அப்படியானால் அதற்குத் தேவை வெறும் 29 கிலோவாட்தான். பத்து லாரிக்கும் சேர்த்து 290.

இதே பத்து லாரிக்கும் ஆளுக்கொரு 150 கிலோவாட் சார்ஜர் வைத்து, 7 மணிக்கு எல்லோரும் ஒன்றாகச் சொருகினால் சுமை 1,500 கிலோவாட்டைத் தொடும். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்து மிச்ச எட்டு மணி நேரமும் வண்டிகள் சும்மா நிற்கும், ஆனால் டிரான்ஸ்பார்மரும் இணைப்பும் 1,500-க்கே போட்டிருக்க வேண்டும். மாதத்தின் உச்ச சுமைக்குத் தனிக் கட்டணம் வாங்கும் இடங்களில் அந்த இரண்டு மணி நேரமே பில்லை ஏற்றிவிடும்.

3. மின் இணைப்பு

லாரிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே இதற்கு விண்ணப்பியுங்கள். பெரிய சுமைக்கு டிரான்ஸ்பார்மரும் கேபிளும் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும், சில இடங்களில் வருடத்தையும் தாண்டும்.

4. சார்ஜர்

இரவு முழுக்க நிற்கும் வண்டிகளுக்கு 40 முதல் 60 கிலோவாட் டிசி சார்ஜர் தாராளம். பகலில் வந்து உடனே திரும்ப ஓட வேண்டிய வண்டிக்காக வேகமானது ஒன்றோ இரண்டோ போதும். இப்போது பரவலாக உள்ள சி.சி.எஸ். பிளக் வகை சார்ஜர்கள் 350 கிலோவாட் வரை தரும். 2022-இல் அறிமுகமான எம்.சி.எஸ். (கனரக வண்டிகளுக்கான மெகாவாட் சார்ஜிங் முறை) 1,250 வோல்ட், 3,000 ஆம்பியர், அதாவது 3.75 மெகாவாட் வரை போகக்கூடிய வடிவமைப்பு. ஐரோப்பாவில் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும், அந்த ஓய்வுக்குள் சார்ஜ் ஏற்றிக்கொள்ள நெடுந்தூர வண்டிகளுக்கு அது பெரிய வரம். தினமும் ஷெட்டுக்குத் திரும்பும் வண்டிக்கு அதில் காசு போடாதீர்கள்.

அப்புறம், டிரெய்லரைக் கழற்றாமலே சார்ஜருக்குப் பக்கத்தில் வந்து நேராக வெளியேற வழி விடுங்கள். சார்ஜ் போர்ட் லாரிக்கு லாரி வேறு இடத்தில் இருக்கும், கேபிள் எட்டுகிறதா என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டே பார்த்துவிடலாம்.

5. சுமையைப் பங்கிடுவது

சார்ஜரும் மேலாண்மை மென்பொருளும் பேசிக்கொள்ளும் பொது மொழியான ஓ.சி.பி.பி. நெறிமுறையில் சார்ஜர் பேசுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். பேசினால் அதே நெறிமுறையை ஏற்கும் எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் இணைக்கலாம், பின்னால் மாற்றவும் செய்யலாம். மென்பொருளில் மொத்த சுமைக்கு ஒரு வரம்பு வைத்து, ஒவ்வொரு லாரியும் கிளம்பும் நேரத்தைக் கொடுங்கள். முதலில் வந்த வண்டிக்கு முதலில் என்ற முறை இங்கே சரிப்படாது, முதலில் கிளம்பும் வண்டிக்குத்தான் முன்னுரிமை.

80 சதவீதத்துக்கு மேல் பாட்டரி மெதுவாகத்தான் வாங்கும், அதனால் வேகமான சார்ஜரில் அதற்கு மேல் வண்டியை நிறுத்தி வைக்காமல் அடுத்ததற்கு இடம் விடுங்கள். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பாட்டரி என்றால் அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள், தயாரிப்பாளரின் கையேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே செய்யுங்கள்.

6. சொருகிய பிறகு ஒரு நிமிடம்

காலையில் சார்ஜ் ஏறாமல் நிற்கும் லாரியில் பல நேரம் பாட்டரிக் கோளாறே இருக்காது, பிளக் சரியாக உட்கார்ந்திருக்காது. முனைகளில் தூசியோ தண்ணீரோ இருக்கிறதா என்று பார்த்து, கனமான கேபிளை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, பூட்டு விழும் சத்தம் கேட்கும்வரை நேராகத் தள்ள வேண்டும். கேபிளின் எடை பிளக்கைக் கீழே இழுத்தால் பூட்டு விழாது. திரையில் கிலோவாட் எண் ஏறத் தொடங்கும்வரை டிரைவர் அங்கேயே நிற்கட்டும். சார்ஜ் நின்றால் இரவுப் பணியாளரின் போனுக்குச் செய்தி போகும்படி மென்பொருளில் வைத்துவிடுங்கள், அதிகாலை 3 மணிக்குத் தெரிந்தால்கூட 5 மணி வண்டியை அனுப்பிவிடலாம்.