டிசைன் வகுப்பில் மிரோ பலகை: முதலில் தனியாக எழுதவிடுங்கள்

மிரோ, ஃபிக்ஜாம் மாதிரி, எல்லாரும் சேர்ந்து நோட் ஒட்டக்கூடிய ஒரு இணையப் பலகையைத் திறந்து, லிங்கை வட்சப் குறூப்பில் போட்டுவிட்டு "எல்லாரும் எழுதுங்கோ" என்றால் என்ன நடக்கும்? கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று முதல் நோட்டை ஒட்டும், மற்றவர்கள் அதையே கொஞ்சம் மாற்றி எழுதுவார்கள். ஆகவே லிங்க் அனுப்ப முதல் ஐந்து நிமிடம் ஆளாளுக்குக் கொப்பியில் எழுதட்டும்.

எதைப் பற்றி? யாழ்ப்பாணம் பஸ் ஸ்டாண்டுக்கு முதன்முறை வருபவர் தன் பஸ்ஸை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பது நல்ல வேலை. பிள்ளைகள் அங்கே அரை மணித்தியாலம் நின்று, கண்டதைக் குறித்துவரட்டும். "அறிவித்தல் பலகை சரியில்லை" என்று நோட் வந்தால் திருப்பிக் கொடுங்கள், அது அபிப்பிராயம். "பையோடு வந்த அம்மா பருத்தித்துறை பஸ் எது என்று மூன்று பேரிடம் கேட்டார், பலகையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை." இது நோட்.

மிரோ இலவசக் கணக்கில் 3 பலகைகளைத்தான் திருத்தலாம். அதனால் ஒரே பலகையில் குழுவுக்கொரு ஃபிரேம் (எல்லைக் கட்டம்) போட்டு, ஃபிரேம்களை லொக் பண்ணிவிடுங்கள். இல்லையென்றால் போனில் பார்க்கிற யாரோ விரலால் இழுத்து எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடுவார்கள், கட்டாயம் நடக்கும். கணக்குத் திறக்கப் பஞ்சியா, எக்ஸ்காலிட்ரா என்ற இணையப் பலகை லொகின் கேட்காது. லாப் கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள் யுனிகோடுக்கு மாறவேண்டும், அல்லது தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும்.

இனி நோட்டுகளைக் கூட்டம் சேர்ப்பது. இதில் அவசரம் கூடாது. "பிரச்சினைகள்", "தீர்வுகள்" என்று ரீச்சரே முதலில் தலைப்பு எழுதிவைப்பதுண்டு. அப்படிச் செய்தால் பிள்ளைகள் பெட்டி நிரப்புவார்கள், யோசிக்கமாட்டார்கள். இந்த முறையை 1960களில் உருவாக்கிய ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவகிடாவின் வழியில் அட்டைகள் முதலில் சேரும், தலைப்பு பிறகுதான் வரும். கதைக்காமல் நகர்த்தச் சொல்லுங்கள். அந்த அம்மா, கச்சான் விற்பவரிடம் வழி கேட்ட பெடியன், கொண்டக்டர் கூப்பிட்ட சத்தத்துக்கு ஓடியவர் மூவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், "பலகையைவிட ஆளைத்தான் நம்புகிறார்கள்" என்று யாராவது ஒருத்தர் தலைப்பு வைப்பார். சரி, நேர அட்டவணையை அழகாக்குவோம் என்று கிளம்பிய குழு இப்போது வேறொன்றை யோசித்தாக வேண்டும். எங்கும் சேராத நோட்டை வலிந்து தள்ளாதீர்கள், எனக்கு அனேகமாக அதில்தான் ஆர்வம்.

எந்தக் கூட்டத்தை எடுத்து வேலை செய்வது என்ற வாக்களிப்பு கடைசியில், ஆளுக்கு மூன்று புள்ளி போதும்.

வகுப்பு முடியும்போதே பலகையைப் பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துவிடுங்கள். ஜாம்போர்ட் என்ற தன் இணையப் பலகையை கூகுள் 2024 டிசம்பர் 31 உடன் மூடியது.