இடாப்பப் பாக்காதீங்க, வாளியப் பாருங்க: பள்ளிக்கூடச் சாப்பாட்டில நாங்க விடுற பிழையள்

இலங்கையில திருகோணமலை மாவட்டம், மூதூர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு சமைச்சுக் குடுக்கிற நாலு அம்மாமாரில நானும் ஒராள். 2024 இல அரசாங்கம் தரம் 1 தொடக்கம் 5 வரைக்கும் எல்லாப் பிள்ளையளுக்கும் சாப்பாடு எண்டு ஆக்கின பிறகு கன பேர் கேக்கிறாங்க, சும்மா குடுக்கிற சாப்பாட்டையும் ஏன் பிள்ளையள் சாப்பிடுதில்ல எண்டு. நாங்களும் முதல்ல அப்பிடித்தான் கேட்டம், வீட்டில செல்லம் குடுத்துப் பழக்கிட்டாங்க எண்டு தாய்மாரைத் திட்டினம். பிறகுதான் விளங்கினது முக்கால்வாசிப் பிழை எங்கட பக்கம் எண்டு.

முதல் பிழை கணக்கு எழுதுறதில. இடாப்பில 84 பேர் வரவு எண்டா 84 சாப்பாடு குடுத்தாச்சு எண்டு எழுதிப்போட்டு கையெழுத்து வைக்கிறது. குடுத்தது வேற, வயித்துக்குள்ள போனது வேற. கொய்யா மரத்தடியில மிச்சம் கொட்டுற வாளி ஒண்டு இருக்குதானே, அதை ஒரு கிழமை வடிவாப் பாருங்க, என்னத்தக் கொட்டியிருக்கு, எந்த நாளில கூட, எந்த வகுப்புப் பிள்ளையள் எண்டு. நாங்க பாத்தம். சோறு அவ்வளவு இல்ல, கீரையும் கரட் துண்டும் நெத்தலித் தலையும்தான் கிடந்திச்சு, அதுவும் தரம் 2, 3 பிள்ளையள்ட கோப்பையில இருந்துதான் கனக்க.

அந்தக் கீரைக் கதை சொல்லணும். தரம் 2 படிக்கிற ஒரு பொடியன் ஒவ்வொரு நாளும் கீரையை எடுத்து சாப்பாட்டுப் பெட்டி மூடிக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோய்க் கொட்டுறான். ஏன்டா மகன் எண்டு கேட்டா ஒண்டும் பேசாம வாயைத் திறந்து காட்டினான். முன்பல்லு ரெண்டும் இல்ல! ஆறு ஏழு வயசில முன்பல்லு விழுறது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், நாலு பிள்ளை பெத்தவங்களும் எங்களுக்குள்ள இருக்கிறம், ஆனா கறி வெட்டேக்க ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரல்ல. நீளத் தண்டோட கீரை, விரல் மொத்தத்தில கரட், முருங்கைக்காய், இதையெல்லாம் அந்த வாயால எப்பிடிக் கடிக்கிறது. தொண்டையில சிக்கி ஓங்காளிச்சா பக்கத்தில இருக்கிற பிள்ளையள் சிரிக்குமெண்டு பயத்திலயே தொடாம விடுறாங்க. இப்ப முருங்கை இலையைப் பொடியா அரிஞ்சு பருப்போடயே விட்டுக் கடையிறம், வல்லாரையை தேங்காப்பூ போட்டு நல்லா நுணுக்கிச் சம்பல், கரட்டைத் துருவல், நெத்தலிக்குத் தலை கிள்ளிப்போட்டுத்தான் பொரிக்கிறது. வேலை கூடத்தான், காலமை அரை மணித்தியாலம் கூடப் போகும், ஆனா வாளி பாதியாக் குறைஞ்சிட்டு.

கீரையைப் பற்றிக் கதைக்கேக்க இன்னொண்டு, தேசிக்காய்ப் புளியை அடுப்பில இருந்து இறக்கின பிறகு விடுங்க. கொதிக்கேக்க விட்டா கசக்கும், அதில இருக்கிற உயிர்ச்சத்து சி யும் போயிரும், அது இல்லாட்டி கீரை பருப்பில இருக்கிற இரும்புச்சத்து உடம்பில சரியாச் சேராது. சாப்பாட்டோட தேத்தண்ணி குடுக்கிறதும் அதே மாதிரிப் பிழைதான், தேயிலை இரும்புச்சத்தைப் பிடிச்சு வச்சிரும். பிள்ளையள் ஆசையாக் குடிக்குதெண்டு பிளேன்டி ஊத்திக் குடுக்கிற ஆக்கள் இருக்கிறாங்க, தண்ணியே காணும்.

வெள்ளிக்கிழமை முட்டை. இது மற்ற ஊர் ஆக்களுக்கு விளங்குமோ தெரியாது. எங்கட பக்கம் கன சைவ வீடுகளில வெள்ளிக்கிழமை மச்சம் இல்ல, முட்டையும் மச்சம்தான். மெனு எழுதின ஆள் அதை யோசிக்காம வெள்ளிக்கிழமைக்கு முட்டை போட்டிட்டார், நாங்களும் அட்டையில இருக்கெண்டு அவிச்சு அவிச்சுக் குடுக்கிறம், சில பிள்ளையள் முட்டையை மட்டுமில்ல முட்டை பட்ட சோத்தையும் வைக்குதுகள், சில தாய்மார் அண்டைக்குக் காசு குடுத்துக் கடையில வாங்கச் சொல்லி விடுறாங்க. கிழமையில விலை கூடின நல்ல சாமான் அதுதான், அது போறது வாளிக்குள்ள. முட்டையை வியாழனுக்கு மாத்திப்போட்டு வெள்ளிக்கு கடலை இல்லாட்டி கௌபி எண்டு ஆக்கினம், ஒரு சதமும் கூடச் செலவாகல்ல. சைவப் பிள்ளையளும் முஸ்லிம் பிள்ளையளும் சேந்து படிக்கிற இடமெண்டா கோழி எங்க வாங்கினது, கரண்டி வேறயா எண்டு தாய்மார் கேப்பாங்க, அதுக்குக் கோவிக்காம முதல் கூட்டத்திலயே தெளிவாச் சொல்லிருங்க. சொல்லாம விட்டா அந்த வீட்டுப் பிள்ளை வருசம் முழுக்க உங்கட சட்டிப் பக்கம் வராது.

நேரம். ஏழரைக்குப் பள்ளி தொடங்குது, தகப்பன் கடலால வந்திருக்க மாட்டார், தாய் மீன் விக்கப் போயிருப்பா, பிள்ளை வெறும் வயித்தோட வரும், பத்தரை மணி வரைக்கும் வச்சிருந்தா பசி செத்துப் போகும். பிறகு இருபது நிமிச இடைவேளை, ஒரு பைப், கை கழுவ நீட்டு வரிசை, அங்கால விளையாட்டு, கேட்டுக்கு வெளிய மாங்காய் அச்சாறு. எந்தப் பிள்ளை சோத்துக்கு நிக்கும்? அதிபரோட கதைச்சு சாப்பாட்டை காலமைப் பக்கம் தள்ளினம், ரெண்டு வாளியில கப் போட்டு கை கழுவ வைக்கிறம், அவ்வளவுதான் செய்தது.

பழுதாப் போறது பற்றி கொஞ்சம் கடுமையாச் சொல்லுவன். விடிய மூண்டு மணிக்குச் சமைச்சு ஆவி பறக்கப் பறக்க இறுக்கி மூடி வச்சா எட்டு மணிக்கே சோறு வியர்த்து ஒரு மணம் அடிக்கும். ஆடி மாசம் கச்சான் காத்து அடிக்கிற நேரம் இன்னும் மோசம். சமைச்ச சாப்பாடு 60 பாகைக்கு மேல சூடா இருக்கணும், இல்லாட்டி 5 பாகைக்குக் கீழ குளிரா இருக்கணும், இடைப்பட்டதில கிருமி பெருகும், சோத்தில வாற சில கிருமி திருப்பிச் சூடாக்கினாலும் அது விட்ட நஞ்சு போகாது. அதனால பிந்திச் சமைங்க, சொதி மாதிரி பால் விட்ட கறியைக் கடைசியா இறக்குங்க, தூரப் பள்ளியெண்டா அண்டைக்குப் பால் கறியே வேணாம். ஒரு நாள் புளிச்ச மணம் வந்தா அந்தக் கிழமை முழுக்கப் பிள்ளையள் மூக்கைச் சுளிக்கும், எங்களுக்கு நடந்தது. மற்றது எண்ணெய்க் கான். வயல் வீடுகளில பூச்சிமருந்துக் கானைக் கழுவி எண்ணெய் ஊத்தி வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கு. 2013 இல இந்தியாவில பீகார்ல ஒரு பள்ளிக்கூடத்தில 23 பிள்ளையள் செத்தது எண்ணெயில பூச்சிமருந்து கலந்ததாலதான். கழுவினாலும் பாவிக்காதீங்க, வெட்டி எறியுங்க.

வெக்கத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்ல. "இல்லாத பிள்ளையள் எல்லாம் வரிசைக்கு வாங்க" எண்டு ஒரு ரீச்சர் ஒருக்காச் சொன்னா போதும், அந்தச் சொல்லு ரெண்டு வருசம் நிக்கும். பெட்டி கொண்டு வராத பிள்ளைக்கு பேப்பரில போட்டுக் குடுக்கிறதும் அப்பிடித்தான், பத்துக் கோப்பை பள்ளியிலயே வச்சிருங்க. எங்கட பள்ளியில ஒரு ரீச்சர் தானும் அதே சட்டியில போட்டு பிள்ளையளோட நிலத்தில இருந்து சாப்பிடத் தொடங்கினா, அதுக்குப் பிறகு தரம் 5 பெரிய பிள்ளையளும் தானா வந்து இருந்திச்சுகள். உறைப்புக் கூடினாலும் அவதான் முதல்ல சொல்லுவா.

காசு பிந்துறதையும் சொல்லாட்டி முழுசாகாது. பில் குடுத்து மாசக்கணக்கில காசு வராட்டி கடையில கடன், கடன் ஏற ஏற முட்டை அரை முட்டையாகும், பழம் காணாமப் போகும், பிள்ளையள் அதை எங்களுக்கு முதல் கண்டுபிடிக்கும். நாங்க விட்ட பிழை, ஒளிச்சு ஒளிச்சுக் குறைச்சது. இப்ப காசு பிந்தினா பள்ளி அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில கடைக் கொப்பியைத் தூக்கிக் காட்டுறன். ஒரு அப்பா தேங்காய் கொண்டாறார், இன்னொராள் விறகு.

போன கிழமை ஒராள் தோட்டத்தில காய்ச்சதெண்டு ஒரு பை பாவக்காய் தந்தார், வேணாமெண்டு சொல்ல மனமில்ல, பொரிச்சுக் குடுத்தம். வாளி நிறைஞ்சிட்டு. சின்னப் பிள்ளையள் தின்னுற மாதிரி அதைச் சமைக்கத் தெரிஞ்ச ஆக்கள் இருந்தா சொல்லுங்க, இன்னும் அரைப் பை கிடக்கு.