வயலிலும் வாய்க்காலிலும் தட்டான் கணக்கெடுக்க

தட்டான் இனங்களைப் பட்டியலிட ஏரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. காவிரி டெல்டாவில் ஒரே ஊரில் நெல்வயல், பாசன வாய்க்கால், தாமரைக் குளம், சாக்கடை கலக்கும் வடிகால் எல்லாம் இருக்கும். ஒரே கரையில் இரண்டு மணி நேரம் நிற்பதைவிட, ஒவ்வொன்றிலும் அரைமணி நடந்தால் பட்டியல் நீளும்.

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கும் ஆண்டுகளில், குறுவைப் பயிர் தூர் கட்டும் சமயம் முதல் சுற்றுக்கு ஏற்றது. வடகிழக்கு மழை ஓய்ந்ததும் சம்பா வயலில் அடுத்த சுற்று. காலை 9 மணிக்குத் தொடங்கி 12க்குள் முடியுங்கள். மேகம் மூடினால் புல்லுக்குள் ஒடுங்கிவிடும். அந்த எண்ணிக்கையை வெயில் நாளோடு ஒப்பிடாதீர்கள். பூச்சிமருந்து அடித்த வயலென்றால் அடித்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கரையோரம் 100 மீட்டர் அளந்து, இருபுறமும் 2 மீட்டருக்குள் தெரிவதை மட்டும் எண்ணுங்கள். நிழல் முன்னே விழாமல் வெயிலைப் பக்கவாட்டில் வைத்து நடங்கள். வரப்பில் பாம்பு இருக்கும், முழங்கால்வரை பூட்ஸ் வேண்டும். எதிரியை விரட்டிய ஆண் அதே குச்சிக்குத்தான் திரும்பும். அது திரும்பி வரும்போது மறுபடி எண்ணினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

உட்காரும்போது இறக்கையை விரித்திருந்தால் தட்டான், முதுகின்மேல் மடித்திருந்தால் ஊசித்தட்டான். ஆனால் ஊசித்தட்டானிலும் இறக்கையைப் பாதி விரிக்கும் குடும்பம் உண்டு. அப்போது கண்ணைப் பாருங்கள்: ஊசித்தட்டானின் கண்கள் தலையின் இரு ஓரத்திலும் தள்ளி நிற்கும். மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம், இரண்டுமே அவசியம்.

அதிகம் தவறுவது நிறத்தில்தான். குரோகோதெமிஸ் செர்விலியா என்ற தட்டான் இனத்தில் ஆண் இரத்தச் சிவப்பு, பெண் மஞ்சள். டிப்ளகோடஸ் டிரிவியாலிஸின் இளம் ஆண் பச்சை கலந்த மஞ்சளாக இருந்து, முதிர்ந்ததும் நீலமாகும். இவற்றைத் தனித்தனி இனமாக எழுதினால் பட்டியல் வீங்கிவிடும். வெளிர்பச்சையில் கருங்கோடு போட்ட ஆர்த்தெட்ரம் சபினாவைக் கண்டால் வாயையும் கவனியுங்கள். பல சமயம் இன்னொரு தட்டானைத் தின்றுகொண்டிருக்கும், இரையும் பட்டியலில் சேரும்.

மழைக்கு முன்னால் கூட்டமாக அலையும் பாண்டலா ஃபிளேவசென்ஸ் கடல் தாண்டி வலசை போகும் இனம். அது மேலே பறக்கிறது என்பதற்காக அந்த வயலில் பிறந்தது என்று எழுத முடியாது. அதற்குத் தோல்கூடு, அதாவது நீரில் வளர்ந்த இளம்பருவம் தட்டானாக மாறும்போது உரித்துவிட்ட தோல், வேண்டும். காற்று எழும் முன்பே நெல் தாளில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தேடுங்கள். முதுகு வெடித்த பழுப்புக் கூடு கிடைக்கும். தடித்து, வால் நுனியில் குட்டை முட்கள் இருந்தால் தட்டான். மெலிந்து, மூன்று இலைபோன்ற செவுள்கள் இருந்தால் ஊசித்தட்டான். தீப்பெட்டியில் உலர்த்தி வைத்து, இடமும் தேதியும் எழுதுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

வடிகாலில் பிராக்கிதெமிஸ் கண்டாமினேட்டா, ஆரஞ்சு இறக்கைக்காரன், மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்து வேறெதுவும் இல்லையென்றால், அங்கே நீர் கெட்டிருக்கலாம் என்று குறித்துவிட்டு நீர் வரும் திசையில் நடந்து கழிவு எங்கே கலக்கிறது என்று பாருங்கள்.