தொட்டாற்சிணுங்கிக்குச் சொட்டுச் சோதனை செய்வது எப்படி?

தூண்டல் எவ்வளவு பலமானது என்பது மட்டுமல்ல, எத்தனை நொடிக்கு ஒருமுறை வருகிறது என்பதும் செடியின் செல்லுக்கு முக்கியம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பள்ளிகளில் இதை மைக்ரோஸ்கோப் இல்லாமலே காட்டலாம்.

ஈரமான வரப்போரங்களில் தொட்டாற்சிணுங்கி கிடைக்கும். இல்லையென்றால் ஓசூர் நர்சரிகளில் கேளுங்கள். ஒரே அளவில் மூன்று தொட்டிகள் போதும். மெடிக்கலில் புது டிரிப்ஸ் செட் ஒன்று வாங்கி, ஊசியைத் தொடாமல் குழாயை மட்டும் பயன்படுத்துங்கள். சாதாரண செட்டில் 20 சொட்டு 1 மி.லி. சொட்டு 15 செ.மீ. உயரத்திலிருந்து இலை மேல் விழட்டும்; இலை மூடாவிட்டால் உயரத்தைக் கூட்டுங்கள்.

முதல் செடிக்கு 2 நொடிக்கு ஒரு சொட்டு, அதாவது நிமிடத்துக்கு 1.5 மி.லி. இரண்டாவதற்கு நிமிடத்துக்கு ஒன்று, மூன்றாவதற்கு 15 நிமிடத்துக்கு ஒன்று. இதற்காக ரெகுலேட்டரைத் திருக வேண்டாம். குழாய் அதே வேகத்தில் சொட்டட்டும். நடுவில் ஒரு மூடியைப் பிடித்து, ஒரு சொட்டுக்கு மட்டும் விலக்குங்கள். எத்தனை ஜோடிச் சிற்றிலை மூடியது, எப்போது விரிந்தது என்று செல்போனில் படம் பிடித்து எண்ணுங்கள்.

சிற்றிலையின் அடியில் சின்னப் புடைப்பு ஒன்று உண்டு. தூண்டியதும் அதன் வழியே மின்துடிப்பு ஓடும்; குளோரைடு, பொட்டாசியம் அயனிகள் வெளியேறும்; தண்ணீரும் பின்னாலேயே போக, செல் தளரும். மூட ஓரிரு நொடிதான். அயனிகளை மறுபடி உள்ளே இழுத்து விறைக்கவோ 10 முதல் 20 நிமிடம் ஆகும். அதனால் 15 நிமிட இடைவெளியில் பெரும்பாலும் ஒவ்வொரு சொட்டுக்கும் இலை மூடும். 2 நொடிச் சொட்டு ஏற்கனவே தளர்ந்த செல்லின் மேல் விழுகிறது. அதையே தொடர்ந்தால், சொட்டு விழும்போதே இலை விரியத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

தண்ணீரில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மேல்தொட்டித் தண்ணீரின் சூடும் பானைத் தண்ணீரின் குளிர்ச்சியும் தாமே இலையை மூட வைக்கும்; முந்தின இரவே செடிக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். பாட்டில் காலியாகக் காலியாகச் சொட்டு வேகம் குறையும், அடிக்கடி நிரப்புங்கள். ஃபேன் கூடாது. வெயில் ஏறினால் இலை தானே தொங்கும். காலை 8 முதல் 11 வரை செய்யுங்கள். தொட்டியை நகர்த்தினால் ஒரு மணி நேரம் விடுங்கள்.

சொட்டு விழும்போதே விரிந்துவிட்ட இலையை விரலால் தட்டிப் பாருங்கள். மூடினால் செல்லுக்குச் சக்தி இருக்கிறது, அந்தச் சொட்டைத்தான் பொருட்படுத்தவில்லை; சொட்டு அதற்குப் பழக்கமாகிவிட்டது. மூடாவிட்டால் அது களைப்பு. அந்த இலையைப் பழக்கமாகிவிட்டது என்ற கணக்கில் எழுதக் கூடாது.