ஸ்கிரீன் ரீடரோடு ஒலிப்பதிவு: புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோமனூரில் என் வீட்டு முன்னறையில் நாலைந்து பேர் கூடுவோம். எல்லோரும் என்னைப் போலப் பார்வையில்லாதவர்கள். கோவையில் கல்லூரியில் படிக்கிற பையன், திருப்பூர் பனியன் கம்பெனியில் போன் எடுக்கிற ஒரு தங்கை, விளம்பர ஆட்டோவுக்குக் குரல் கொடுத்துச் சம்பாதிக்க நினைக்கிற ஒரு அண்ணன். ஆளுக்கொரு லேப்டாப்பில், திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர், ஒலியைப் பதிந்து வெட்டும் ஆடாசிட்டி என்ற மென்பொருள். பத்து வருடம் முன்னால் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போது மனசு பதறுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மைக்கைச் செருக மறப்பது, சேமிக்காமல் மூடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிட்டேன். ஒருமுறை பட்டால் அவை தானாகத் திருந்திவிடும். பட்டபிறகும் என்ன நடந்தது என்று புரியாத தவறுகள்தான் ஆளைக் கெடுக்கின்றன.

பதிவுக்குள் ஸ்கிரீன் ரீடரின் குரல்

எல்லாவற்றிலும் பெரிய இழப்பைத் தருவது இதுதான். இன்றைக்கு வரை எனக்குக் கோபம் வரவைப்பதும் இதுதான்.

காங்கேயம் பக்கம் ஒரு ஊரில் உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை (பொன்னர்-சங்கர் கதை) பாடுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். 1965-ல் ப்ரெண்டா பெக் என்ற ஆய்வாளர் அந்தப் பக்கத்தில் இதே கதையை டேப்பில் பதிந்து வைத்ததைக் கேள்விப்பட்டதிலிருந்து, நம் காலத்துக் குரல் ஒன்றையும் பதிய வேண்டும் என்று எனக்கு ஆசை. பெரியவர் ஒரு மாசி மாத இரவில் சம்மதித்தார். படுகளத்தில் அண்ணன்மார் கிடக்க, அவர்கள் தங்கை தங்காள் தேடி வந்து அழுகிற இடம். திண்ணையில் பாய் விரித்து நடுவில் மைக்கை வைத்தேன். அவர் குரலை நேராகக் கேட்கும் ஆசையில் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். ஓடுகிறதா நின்றுவிட்டதா என்ற பயத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாவிப்பலகையில் ஒரு சாவியை அழுத்தி நேரத்தைக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் என் கழுத்திலிருந்து என்விடிஏவின் ஈஸ்பீக் குரல் பதில் சொன்னது. நடுவில் ஊரில் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் என்விடிஏ அதை அறிவித்து, எத்தனை சதவீதம் மிச்சம் என்பதையும் சொன்னது. தங்காள் அண்ணன்மார் பெயரைச் சொல்லி அழைக்கிற வரி அது.

வீட்டுக்கு வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. வெட்டிப் பார்த்தேன், பாட்டில் பள்ளம் விழுந்தது. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டேன், பெரியவரின் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவது போல ஆனது. திரும்பப் பாடச் சொல்லிக் கேட்கலாம் என்று ஐப்பசியில் போனபோது அவர் படுத்த படுக்கையாக இருந்தார். தை மாதம் தவறிவிட்டார். அவர் பேத்தி அந்தப் பதிவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த நாள் போன் செய்தாள். "அப்பிச்சி பாடறப்ப நடுவுல யாருங்கண்ணா பேசறது?" நான் என்ன சொல்வது?

இதை ஏன் பிறகு சரிசெய்ய முடியாது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன் ஒரே சீராக இருக்கும் சத்தத்தின் மாதிரியை எடுத்துக்கொண்டு, அதைப் போன்றதைக் குறைக்கும். ஃபேன் இரைச்சல், 50 ஹெர்ட்ஸ் மின்சார முனகல் எல்லாம் அதற்கு அடங்கும். ஸ்கிரீன் ரீடர் பேசுவதோ பேச்சு. மனிதக் குரல் இருக்கும் அதே அலைவரிசையில், நொடிக்கு நொடி மாறிக்கொண்டு வரும். அதைப் பிடுங்கினால் பாடுகிறவரின் குரலும் சேர்ந்து வரும்.

இந்தக் குரல் இரண்டு வழியில் உள்ளே வருகிறது. ஒன்று காற்று வழி: ஸ்பீக்கரிலிருந்தோ, கழுத்தில் தொங்கும் ஹெட்போனிலிருந்தோ மைக்குக்குப் போவது. காதை முழுதாக மூடும் ஹெட்போனை இரண்டு காதிலும் போட்டு, ஒலியைக் குறைத்து வையுங்கள். அப்புறம் யாரும் பேசாத அறையில் ஸ்கிரீன் ரீடரை மட்டும் பேசவிட்டு 20 நொடி பதிந்து, சத்தமாக வைத்துக் கேளுங்கள். லேசாக ஒரு முணுமுணுப்புக் கேட்டாலும் அது உங்கள் பதிவில் இருக்கப் போகிறது.

இரண்டாவது கம்ப்யூட்டரின் உள்வழி. ஆடாசிட்டியில் விண்டோஸ் வாசாபி என்ற ஹோஸ்ட்டை, அதாவது ஒலி போய்வரும் வழியை, தேர்ந்தால், பதியும் கருவிகளில் லூப்பேக் என்று ஒன்று வரும். சில கம்ப்யூட்டரில் ஸ்டீரியோ மிக்ஸ் என்று இருக்கும். கம்ப்யூட்டரில் ஒலிப்பதையெல்லாம் பதிய அவை உதவும். ஆன்லைன் கூட்டத்தைப் பதிவதற்காக அதைத் தேர்ந்தவர்கள், மாற்றாமலே மறுநாள் பாட்டியின் பாட்டைப் பதிய உட்காருகிறார்கள். கோபிச்செட்டிபாளையத்துப் பையன் ஒருவன் போன மாதம் இதையேதான் செய்தான். மைக்கில் பாட்டி பாடினார், பதிவில் ஸ்கிரீன் ரீடர் மட்டும் இருந்தது. ஆடாசிட்டியில் ஷிஃப்ட்+எச் ஹோஸ்ட்டையும், ஷிஃப்ட்+ஐ பதியும் கருவியையும், ஷிஃப்ட்+ஓ ஒலிக்கும் கருவியையும் திறக்கும். ஒவ்வொரு பதிவுக்கு முன்னாலும் ஷிஃப்ட்+ஐ அழுத்திக் காதால் உறுதி செய்யுங்கள். யூஎஸ்பி மைக்கைக் கழற்றிச் செருகினால் அது வேறொன்றுக்கு மாறியிருக்கவும் கூடும்.

நான் இப்போது செய்வது இது. விலை குறைந்த யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கி, என்விடிஏ அமைப்புகளில் ஸ்கிரீன் ரீடரின் குரலை அதற்குத் திருப்பிவிட்டேன். பாட்டு ஒரு வழியில், ஸ்கிரீன் ரீடர் இன்னொரு வழியில் வருகிறது. அது போக, பதிவு தொடங்கும் முன் என்விடிஏ+எஸ் அழுத்திப் பேச்சை நிறுத்துகிறேன். அந்தச் சாவி ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு நிலைக்கு மாறும். பீப் என்ற நிலையில் நின்றுவிடாதீர்கள். பேச வேண்டிய இடத்திலெல்லாம் பீப் அடிக்கும், அதுவும் மைக்கில் விழும். 2024.1 பதிப்பிலிருந்து, நாம் கேட்டால் மட்டும் பேசும் நிலை ஒன்றும் வந்திருக்கிறது. எடிட்டிங்குக்கு அது நல்லது. பதிவின்போது முழு அமைதிதான் சரி.

பேச்சை நிறுத்தினால் பதிவு ஓடுகிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நேர்மையான பயம்தான், நானும் அந்தப் பயத்தில்தான் அந்த இரவைக் கெடுத்தேன். முதலில் அரை நிமிடம் பதிந்து, நிறுத்திக் கேளுங்கள். சரியாக இருந்தால் அதே அமைப்பில் மறுபடி தொடங்கி, சாவிப்பலகையைத் தொடாமல் கையை மடியில் வையுங்கள்.

கண் பார்வையுள்ளவர்கள் எழுதும் கையேடுகளில் இது ஒரு வரிகூட இருக்காது. அவர்கள் கம்ப்யூட்டர் பேசுவதில்லை. நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது இது.

சத்தம் குறைவு என்று நம்பி ஏற்றுவது

என்விடிஏவில் ஆடியோ டக்கிங் என்று ஒன்று உண்டு. ஸ்கிரீன் ரீடர் பேசும்போது மற்ற ஒலிகளைத் தாழ்த்தும். ஆட்டோ விளம்பரம் செய்யும் அண்ணனுக்கு அது ஓடிக்கொண்டிருந்தது தெரியாது. தன் குரல் அமுங்கிக் கேட்கிறதே என்று ஒலியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபை எஃபெக்ட்டில் கிளிப்பிங்கை (உச்ச அளவைத் தாண்டி ஒலி கிழிவதை) அனுமதிக்கும் பெட்டியையும் டிக் செய்து ஏற்றினார், மறுபடி ஏற்றினார். ஒலிபெருக்கியில் போட்டபோது குரல் கிழிந்து வந்தது. என்விடிஏ+ஷிஃப்ட்+டி அழுத்தி டக்கிங்கை நிறுத்துங்கள். அப்புறம் காதை மட்டும் நம்பாமல் உச்ச அளவைப் பாருங்கள். பதியும்போது உச்சம் மைனஸ் 6 டெசிபெல் பக்கம் நின்றால் போதும்.

எது தேர்வாகியிருக்கிறது என்று தெரியாமல் வெட்டுவது

ஆடாசிட்டியில் பதிவு ஒலித்து ஓடும்போதே சதுர அடைப்புக்குறிச் சாவிகளை அழுத்தித் தொடக்கத்தையும் முடிவையும் குறியுங்கள். வெட்டும் முன் ஸ்பேஸ் தட்டிக் கேளுங்கள். கேட்டதுதான் போகும்.

ஏயூபி3 கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது

அது ஆடாசிட்டியின் ப்ராஜெக்ட் கோப்பு, பாட்டு அல்ல. எம்பி3 ஆகவோ வேவ் ஆகவோ எக்ஸ்போர்ட் செய்து அனுப்புங்கள்.

ஒசாரா இல்லாமல் ரீப்பரைத் திறப்பது

ரீப்பர் ஒலிப்பதிவுக்கும் எடிட்டிங்குக்கும் அருமையான மென்பொருள், 60 நாள் இலவசமாகப் பழகிப் பார்க்கலாம். ஆனால் ஒசாரா என்ற நீட்சியைப் போடாமல் திறந்தால், டிராக்கில் நகர்ந்தாலும் வெட்டினாலும் ஸ்கிரீன் ரீடர் பெரும்பாலும் வாய் திறக்காது. "இது நமக்கு ஆகாதுங்க" என்று அன்றே கைவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். ஒசாராவை எழுதத் தொடங்கியவர் ஜேம்ஸ் டே, பார்வையில்லாதவர். 2006-ல் மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏவை அவரோடு சேர்ந்து வளர்த்தவரும் இவரே. நம் கையின் தேவையை அறிந்தவர் செய்தது என்பது பயன்படுத்தும்போது தெரியும். ஒசாராவைப் போட்டதும் எஃப்12 அழுத்துங்கள். எந்தச் சாவி என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும், எதையும் மாற்றாது. மறுபடி எஃப்12 அழுத்தினால் பழைய நிலைக்கு வரும்.

மவுஸ் பிடிக்கிற நண்பரிடம் வழி கேட்பது

"அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்து" என்பார். நமக்கு வேண்டியது சாவி.

தறிச் சத்தத்தைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது

சோமனூர், பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்கு இது. விசைத்தறிச் சத்தம் ஃபேன் இரைச்சல் போலச் சீரானது அல்ல, அடி அடியாக விழுவது. நாய்ஸ் ரிடக்‌ஷன் அதைக் குறைக்கப் போய்க் குரலையும் கரைத்துவிடும். ஜன்னலுக்குக் கம்பளம் தொங்கவிட்டும் பார்த்துவிட்டேன், பாதிதான் குறைந்தது. பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிற நாளில் எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. தேதி தெரிந்ததும் முந்தின இரவே லேப்டாப்பை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, மறுநாள் காலையிலேயே பதிவுக்கு உட்கார்ந்துவிடுவேன். கரண்ட் போகும் முன்பே என்விடிஏவின் பேச்சை நிறுத்திவிடுவேன்.