பிஎம்ஓ தொடங்கும்போது சறுக்கும் இடங்கள்

நிறுவனத்தின் எல்லாப் புராஜெக்டுகளையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க ஒரு திட்ட மேலாண்மை அலுவலகம், அதாவது பிஎம்ஓ, தொடங்கலாம் என்று முடிவானதும் பல இடங்களில் முதல் வேலையாக சாஃப்ட்வேர் வாங்குகிறார்கள். அப்புறம் டெம்ப்ளேட்டுகள் வருகின்றன. சில மாதங்களில் மேலாளர்கள் எல்லோரும் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார்கள். அதை வைத்துத் தலைமை எடுத்த முடிவு ஒன்றுகூட இருக்காது.

"எந்த முடிவை எடுக்க உங்களுக்குத் தகவல் போதவில்லை?" என்று தலைமையிடம் கேட்பதுதான் முதல் வேலை. எதற்குப் பணம், எதை நிறுத்துவது, யாருடைய நேரம் எதற்கு என்பதற்குள் பதில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு வேண்டியதை மட்டும் திரட்டுங்கள். தொடக்கத்துக்கு ஓர் எக்செல் தாளே தாங்கும்.

பலர் தவறவிடுவது ஆட்கணக்கு. தரவுத்தள நிபுணர் ஒருவர் ஐந்து புராஜெக்டுகளில் இருக்கிறார், ஒவ்வொன்றிலும் பாதி நேரம் என்று எழுதியிருக்கிறது. கூட்டினால் 250 சதவீதம்! தனித்தனியாகப் பார்த்தால் ஐந்து அட்டவணைகளும் சரிதான். இந்தக் கூட்டலைத் துறைக்குள் இருப்பவரால் போட முடியாது, எல்லாத் துறைகளையும் பார்க்கும் அலுவலகத்தால்தான் முடியும். அதைச் செய்யாமல் வாராந்திர ரிப்போர்ட் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், துறைத் தலைவர்கள் எரிச்சலடைவதில் நியாயம் இருக்கிறது.

அதிகாரம் எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விடுவது இன்னொரு தவறு. திட்ட மேலாண்மைக்கான சர்வதேச அமைப்பான பிஎம்ஐ (Project Management Institute) வெளியிடும் பிஎம்பாக் (PMBOK) வழிகாட்டியின் 2017 பதிப்பு மூன்று வகை பிஎம்ஓக்களைச் சொல்கிறது: ஆதரவு தருவது, விதிமுறைகளைப் பின்பற்ற வைப்பது, புராஜெக்டுகளைத் தானே நடத்துவது. நீங்கள் எந்த வகை என்பதை எழுத்தில் வையுங்கள். "உதவத்தான் வந்திருக்கிறோம்" என்று நுழைந்துவிட்டு மறுமாதமே தணிக்கை செய்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

எந்தத் துறையின் கீழ் வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஐடியின் கீழ் வைத்தால் மற்றத் துறைகள் அதை ஐடி சமாச்சாரமாகவே பார்க்கும். முன்னுரிமைப் பட்டியலில் ஐடி வேலைகள் மேலே வந்தால் சந்தேகமும் எழும். தலைமைச் செயல் அதிகாரிக்கோ அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவருக்கோ நேரடியாகப் பதில் சொல்வது நல்லது.

இரண்டு மாத வேலைக்கும் இரண்டு வருட வேலைக்கும் ஒரே படிவக் கட்டு வேண்டாம். செலவும் ஆபத்தும் கூடும்போது படிவமும் கூடட்டும்.

நிலை அறிக்கைகளில் தர்பூசணி என்று இந்தத் தொழிலில் ஒரு கேலி உண்டு: வெளியே பச்சை, அதாவது எல்லாம் சரி; உள்ளே சிவப்பு, அதாவது சிக்கல். இதற்கு மேலாளர்களை மட்டும் குறை சொல்வது சுலபம். முதன்முதலில் சிவப்பு காட்டியவரை எல்லோர் முன்பும் வறுத்தெடுத்திருந்தால், அடுத்த மாதம் டேஷ்போர்டு முழுக்கப் பச்சையாகத்தான் இருக்கும். "என்ன உதவி வேண்டும், எந்தத் தேதிக்குள்?" என்று ஸ்பான்சர், அதாவது தலைமையில் அந்தப் புராஜெக்டுக்குப் பொறுப்பானவர், கேட்கப் பழக வேண்டும்.

பிஎம்ஓ தன்னை எப்படி அளக்கிறது? எத்தனை ரிப்போர்ட், எத்தனை பயிற்சி வகுப்பு என்ற கணக்கு வெறும் சுறுசுறுப்பைத்தான் காட்டும். தேங்கிய முடிவுகள் எத்தனை நாளில் தீர்ந்தன, பலன் தராத புராஜெக்டுகளில் எத்தனை நின்றன என்று பாருங்கள். ஒப்புதலின்போது வாக்களித்த சேமிப்போ வருமானமோ உண்மையில் வந்ததா என்பதை, புராஜெக்ட் முடிந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துச் சரிபார்க்க வேண்டும். அதற்குள் புராஜெக்ட் மேலாளர் வேறு வேலைக்குப் போயிருப்பார். எனவே இந்தச் சரிபார்ப்புக்கு, பயன்பெறும் துறையிலிருந்து ஒருவரை ஒப்புதல் தரும்போதே பெயர் சொல்லிப் பொறுப்பாக்கிவிடுங்கள்.