டேங்கர் கவிழ்ந்தால் கைபேசியில் முதலில் எதைத் தேடுவது?

தொப்பூர் கணவாயில் ஒரு டேங்கர் கவிழ்ந்து வெண்புகை கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் உதவ ஓடுகிறவர் அடுத்து தானே மயங்கி விழுகிறார். இதைத் தவிர்க்கத்தான் இந்தப் பயிற்சி. 108 ஊழியர்கள், தீயணைப்புக்குப் புதிதாக வந்தவர்கள், தன்னார்வலர்கள் எல்லாரும் செய்யலாம்.

முதலில், ஈ.ஆர்.ஜி. 2024 (ஆபத்தான பொருள் விபத்தில் என்ன செய்வது என்று சொல்லும் அவசரகால வழிகாட்டி), கேமியோ கெமிக்கல்ஸ் (ரசாயனங்களின் ஆபத்துகளைச் சொல்வது) என்ற 2 செயலிகளை இன்றைக்கே வீட்டில் வைத்துப் பதிவிறக்குங்கள். இரண்டும் இலவசம், இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ஏற்காட்டு வளைவுகளில் சிக்னலை நம்ப முடியாது. பழைய பயிற்சிக் குறிப்புகளில் வரும் வைசர் செயலி 2023-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது, அதைத் தேட வேண்டாம்.

அடுத்தது எண். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வண்டியை நோக்கி வீசும்படி, தூரத்திலேயே நில்லுங்கள். கேமராவை ஜூம் செய்து, டேங்கர் பலகையிலுள்ள 4 இலக்க யு.என். எண்ணைப் (உள்ளே என்ன பொருள் என்று காட்டும் சர்வதேச எண்) படியுங்கள். 1075 சமையல் எரிவாயு, 1017 குளோரின், 1005 அமோனியா. பலகை தெரியவில்லையா? ஓட்டுநர் வெளியே வந்திருந்தால் ட்ரெம் கார்டைக் (ஏற்றிவரும் பொருளின் ஆபத்தையும் அவசர நடவடிக்கையையும் சொல்லும் அட்டை) கேளுங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால் ஈ.ஆர்.ஜி.யில், என்னவென்று தெரியாத பொருளுக்கான வழிகாட்டி 111-ஐத் திறங்கள்.

இப்போதே ஈ.ஆர்.ஜி.யில் 1075 என்று தட்டிப் பாருங்கள். வழிகாட்டி 115 வரும். கசிவு மட்டும் என்றால் சுற்றிலும் குறைந்தது 100 மீட்டர், டேங்கர் தீப்பிடித்திருந்தால் 1.6 கி.மீ. விலக்கச் சொல்லும். சீலநாயக்கன்பட்டி பைபாஸை மையமாக வைத்து வரைபடத்தில் அந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். எத்தனை தெருக்கள் உள்ளே வருகின்றன என்று பார்த்தால்தான் அந்த எண்ணின் கனம் புரியும்.

1017-க்கு வழிகாட்டி 124. இதில் பச்சைப் பக்க அட்டவணையையும் (நச்சு வாயு கசிந்தால் எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்று சொல்வது) கட்டாயம் பாருங்கள். பகலுக்கு ஒரு தூரம், இரவுக்கு அதைவிட அதிகம். இரவில் காற்று அடங்கிவிடுவதால் வாயு கலைவதில்லை. குளோரின் காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். சேலத்தைச் சுற்றி மலைகள், நடுவே தாழ்வான குடியிருப்புகள். எந்தத் தெரு பள்ளம், எந்த ஓடை வழியாக வாயு இறங்கும் என்பது செயலிக்குத் தெரியாது. அது உள்ளூர்க்காரரான உங்களுக்குத்தான் தெரியும். மக்களை மேட்டுப் பக்கமாக, காற்று வரும் திசைக்குக் குறுக்கே நடத்திச் செல்லுங்கள்.

கிடங்கு விபத்து என்றால் கேமியோவில் அங்குள்ள பொருட்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். குடிநீர்த் தொட்டிக்கு வாங்கிய ஹைப்போகுளோரைட்டும் கழிவறை ஆசிட்டும் கலந்தால் குளோரின் கிளம்பும் என்று அதுவே எச்சரிக்கும்.

கிருமி மாதிரிப் பெட்டிகளில் 2814 அல்லது 3373 இருக்கும். இரண்டுக்கும் வழிகாட்டி 158. உடைந்த பெட்டியைத் தொடாமல், ஆட்களை விலக்கிவிட்டு சுகாதாரத் துறையை அழையுங்கள்.

அப்புறம், அடுத்த முறை ஓமலூர் டோல்கேட்டில் வரிசையில் நிற்கும்போது நீங்கள் வண்டி ஓட்டாதவராக இருந்தால், முன்னால் நிற்கும் டேங்கரின் எண்ணைப் படித்து, அது நகர்வதற்குள் வழிகாட்டியைத் திறந்துவிட முடிகிறதா என்று பாருங்கள்.